ஒரு போருக்கு எத்தனை திருப்புமுனை, டீச்சர்?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இரண்டாம் உலகப் போர் பாடத்தில் ஸ்டாலின்கிராட் ஒரு திருப்புமுனை என்றேன். மறுநாள் மிட்வேயும் திருப்புமுனை என்றேன். எல் அலமைனுக்கும் அதே சொல். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "ஒரு போருக்கு எத்தனை திருப்புமுனை டீச்சர்? யூடியூப்ல நார்மண்டிதான்னு சொல்றாங்களே" என்றான். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் இருப்பதை எழுது என்று உட்கார வைத்துவிட்டேன். மனசு ஒப்பவில்லை. உண்மையில் எது? இரண்டு பீரியடுக்குள் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையன் கேட்டதைத்தான் நான் கல்லூரியில் முதுகலை மாணவர்களிடம் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் உங்கள் புத்தகத்தையே திருப்பிச் சொல்வார்கள். அவனை உட்கார வைத்தது போகட்டும், அடுத்த வகுப்பில் எழுப்பிவிடுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றைச் சொல் என்று என்னை நெருக்கினால் 1941 டிசம்பர் 5 முதல் 11 வரையிலான ஒரு வாரத்தைச் சொல்வேன். ஸ்டாலின்கிராட் அதற்கு ஒரு வருடம் கழித்து வந்தது. முன்பே நடந்து முடிந்துவிட்ட விஷயம் ஊருக்கெல்லாம் தெரியவந்த இடம் அது. நார்மண்டி இன்னும் தாமதம். யார் ஜெயிப்பார்கள் என்பது 1944 ஜூனில் ஏறக்குறைய தீர்ந்த கணக்கு. ஐரோப்பாவில் யார் எதுவரை வந்து நிற்பார்கள் என்பதைத்தான் நார்மண்டி தீர்மானித்தது. இதை ஒப்புக்கொள்ளாத வரலாற்று ஆசிரியர்கள் நிறைய உண்டு, அவர்களிடமும் நல்ல வாதங்கள் இருக்கின்றன.

எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் உங்கள் வகுப்புக்குத் தேவை. ஒரு சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பதை விடுங்கள். அடிபட்டவன் இழந்ததை ஒரு வருடத்துக்குள் ஈடுகட்ட முடிந்ததா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைப் போட்டால் பெரிய வெற்றிகள் பலவும் சுருங்கிப்போகும்.

ஹவாயிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம் பியர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானுக்கு எப்பேர்ப்பட்ட வெற்றி! எட்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அடிபட்டன. ஆனால் அரிசோனா, ஒக்லஹோமா தவிர மற்ற ஆறும் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பக் கடலுக்கு வந்தன. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் அப்படியே நின்றன. விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்திலேயே இல்லை. அதே வருடம் அக்டோபரில் வியாஸ்மாவிலும் பிரியான்ஸ்கிலும் ஜெர்மானியர் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். வேறொரு நாடாக இருந்தால் அன்றே வெள்ளைக்கொடி ஏறியிருக்கும். இரண்டே மாதத்தில் அந்த நாடு எதிர்த்தாக்குதல் தொடுத்தது.

1941 ஜூன் 22 அன்று முப்பது லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மன் வீரர்கள் சோவியத் எல்லையைத் தாண்டியபோது, குளிர்காலத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிடும் என்பதே திட்டம். நீண்ட போருக்கான எண்ணெயோ ரப்பரோ ஆளோ ஜெர்மனியிடம் இல்லை. டாங்கிப் படை என்று படம் காட்டுகிறார்களே, அந்தப் படையின் பீரங்கியையும் தளவாடத்தையும் பெரும்பாலும் இழுத்துப் போனவை குதிரைகள், பல லட்சம் குதிரைகள். ரஷ்ய ரயில் பாதையின் கேஜ், அதாவது தண்டவாள அகலம், வேறு என்பதால், முன்னேறிய தூரத்துக்கெல்லாம் தண்டவாளத்தை மாற்றிப் போட்டுக்கொண்டே போகவேண்டியிருந்தது. அக்டோபர் மழையில் சாலைகள் சேறாயின. "ரஷ்யப் பனிதான் ஹிட்லரைத் தோற்கடித்தது" என்று நம் பட்டிமன்றங்களில்கூடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குளிர்தான். பனி விழுவதற்கு முன்பே ஜெர்மன் படை பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் ஆளுக்கும் தவித்துக்கொண்டிருந்தது. மாஸ்கோவின் புறநகர் வரை வந்து நின்ற அந்தப் படை மீது டிசம்பர் 5 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. சோவியத் தளபதி ஜூகோவின் படைகள் அவர்களை மாஸ்கோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்னுக்குத் தள்ளின. சீக்கிரம் முடிகிற போர் என்ற கனவு அங்கே செத்தது.

இரண்டு நாளில் பியர்ல் ஹார்பர். டிசம்பர் 11 அன்று ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்தார். ஜப்பானுடன் செய்த ஒப்பந்தத்தின்படி அதற்குக் கட்டாயம் ஏதும் இல்லை. ஜப்பான் தாக்கப்பட்டால்தான் உதவிக்குப் போகவேண்டும், இங்கே தாக்கியதே ஜப்பான். அந்த ஒரு வாரத்தில், குறுகிய போரை மட்டுமே நடத்தத் தெரிந்த நாடு, பிரிட்டன், சோவியத் யூனியன், அமெரிக்கா மூன்றோடும் நீண்ட போரில் மாட்டிக்கொண்டது. 1944 என்ற ஒரே வருடத்தில் அமெரிக்கா 95,000க்கும் மேற்பட்ட விமானங்களைச் செய்தது. ஜப்பான் போர்க்காலம் முழுவதும் சேர்த்தே அவ்வளவு செய்யவில்லை.

அப்படியானால் மற்ற சண்டைகளெல்லாம் சும்மாவா என்று பையன் கேட்பான். இல்லை. 1942 கோடையில்கூட ஜெர்மனி, ஜப்பான் இரண்டும் ஜெயித்துக்கொண்டே போவதாகத்தான் உலகம் பார்த்தது. கணக்கு உண்மையில் தீர வேண்டுமானால் யாராவது களத்தில் தீர்த்தாக வேண்டும்.

மிட்வேயை நான் எப்போதும் கொழும்பிலிருந்து தொடங்குவேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னையில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அன்றைக்கு யாரிடமாவது இன்னும் இரண்டு மாதத்தில் அந்தக் கப்பல்களில் பாதி கடலடியில் கிடக்கும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கொழும்புக்கு வந்த அகாகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும், அந்தப் பயணத்தில் இல்லாத காகாவும், ஜூன் 4 அன்று மிட்வே தீவுக்கு அருகே அடிபட்டு மறுநாள் காலைக்குள் மூழ்கின.

ஜப்பானின் அடுத்த இலக்கு "ஏஎஃப்" என்று சங்கேதச் செய்திகளில் வந்துகொண்டிருந்தது. அது மிட்வேதான் என்று ஹவாயிலிருந்த சங்கேதப் பிரிவின் தலைவர் ரோச்ஃபோர்ட் சந்தேகித்தார், வாஷிங்டன் நம்பவில்லை. மிட்வே தளத்துக்குக் கடலடிக் கேபிள் வழியாக ரகசிய உத்தரவு போனது: உங்கள் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வானொலியில் சங்கேதம் போடாமல் ஒரு செய்தி அனுப்புங்கள். அனுப்பினார்கள். ஓரிரு நாளில் ஜப்பானியச் சங்கேதத்தில் ஒரு தகவல் பிடிபட்டது. ஏஎஃப்-இல் குடிநீர்ப் பஞ்சம்! பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், மிட்வேயை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள்.

கூடவே யார்க்டவுன் கதையையும் சொல்லுங்கள். மே மாதத் தொடக்கத்தில் பவளக் கடல் சண்டையில் குண்டு வாங்கிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் அது. சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மே 27 அன்று பியர்ல் ஹார்பருக்கு வந்தது, தொழிலாளர்கள் இரவு பகலாக ஒட்டுப்போட்டதில் மே 30 அன்று கிளம்பிவிட்டது. பவளக் கடலில் அடிபட்ட ஜப்பானியக் கப்பல் ஷோககு அப்போதும் பழுதுபார்ப்பில் கிடந்தது. நான் சொன்ன அந்தக் கேள்விக்கு இதைவிடச் சிறிய, தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜூன் 4 காலை ஹார்னெட் என்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து போன டார்பிடோ விமானங்கள் பதினைந்தும் சுட்டு வீழ்த்தப்பட்டன. அதில் போன 30 பேரில் மீண்டவர் ஒருவர். அவர்களைத் தொடர்ந்து வந்த மற்ற டார்பிடோப் பிரிவுகளுக்கும் பெரும்பாலும் அதே கதி. ஜப்பானியப் பாதுகாப்பு விமானங்கள் இவர்களை விரட்டுவதில் மும்முரமாக இருந்தபோது, பத்தரை மணிக்குள் மேலேயிருந்து குண்டுவீச்சு விமானங்கள் இறங்கின. சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் எரிந்தன. நான்காவது பிற்பகலில்.

இங்கே ஒரு திருத்தம். ஜப்பானின் சிறந்த விமானிகள் ஒரே நாளில் மாண்டார்கள் என்று பல புத்தகங்களில் இருக்கும். அது சரியில்லை. அன்று இறந்த ஜப்பானிய விமானப் பணியாளர் ஏறத்தாழ 110 பேர்தான், பெரும்பாலான விமானிகள் காப்பாற்றப்பட்டார்கள். தீக்கு இரையானவர்கள் கப்பலின் உள்தளத்தில் வேலை செய்த மெக்கானிக்குகள். பழுத்த விமானிகள் செத்தது அடுத்த ஆறு மாதத்தில், குவாடல்கனால் தீவைச் சுற்றி, 1942 ஆகஸ்ட் முதல் 1943 பிப்ரவரி வரை. மிட்வே கப்பலைத் தின்றது, குவாடல்கனால் விமானியைத் தின்றது. கப்பல் கட்டும் தளத்திலும் பயிற்சிப் பள்ளியிலும் ஜப்பானால் அந்த இரண்டையும் ஈடுகட்ட முடியவில்லை. உங்கள் புத்தகத்தில் குவாடல்கனாலுக்கு ஒரு வரி இருந்தால் அதை ஒரு பத்தியாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டாலின்கிராடுக்கு வருகிறேன். ஹிட்லர் 1942 கோடையில் தேடிப் போனது எண்ணெயை, காகசஸ் எண்ணெயை. மைகோப் கிணறுகளை ஆகஸ்டில் பிடித்தார்கள், ரஷ்யர்கள் அவற்றைப் பாழாக்கிவிட்டுத்தான் போயிருந்தார்கள். படையை இரண்டாகப் பிரித்து ஒன்றை எண்ணெய்க்கும் இன்னொன்றை வோல்கா நதிக்கரைக்கும் அனுப்பியதுதான் மூலத் தவறு. நகரத்துக்குள் தெருத் தெருவாக, மாடி மாடியாகச் சண்டை நடந்தது. அதைப் பற்றிச் சினிமாக்கள் நிறைய வந்துவிட்டன, நான் அதில் நிற்கப்போவதில்லை. முடிவு நகரத்துக்குள் நடக்கவில்லை. ஜெர்மானியர் தங்கள் பக்கவாட்டுகளை ருமேனியப் படைகளிடம் விட்டிருந்தார்கள். அவர்களிடம் டாங்கிகளை எதிர்க்கத் தக்க பீரங்கிகள் போதவில்லை. நவம்பர் 19 அன்று சோவியத் படைகள் அடித்தது அவர்களைத்தான். நான்கே நாளில் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த படைகள் கலாச் அருகே கைகோத்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே சிக்கினார்கள்.

அப்போது ருமேனியர்களுக்குத் துணையாக ஒரு ஜெர்மன் டாங்கிப் பிரிவு பின்னால் நின்றது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் வாரக்கணக்கில் ஓட்டாமல், குளிருக்காக வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்தார்கள். கிளப்பப் போனால் பல டாங்கிகள் உயிர் பெறவில்லை. வைக்கோலில் குடியேறிய எலிகள் மின் வயர்களைக் கடித்து வைத்திருந்தன. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எலியைக் கொண்டுவந்தது பெட்ரோல் பஞ்சம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிக்கிய படைக்கு வானிலிருந்து சாப்பாடும் குண்டும் போடுகிறேன் என்றார் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங். ஒரு நாளைக்கு 500 டன் என்பது வாக்குறுதி, சராசரியாகப் போய்ச் சேர்ந்தது நூறு டன்னைச் சுற்றித்தான். போதாததற்கு, விமானிப் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து விமானங்களையும் பயிற்றுநர்களையும் பிடுங்கி அனுப்பினார்கள். விதைநெல்லைக் குத்தி உலையில் போடுகிற வேலை அது. ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான விமானங்கள் அழிந்தன. அடுத்த வருடம் விமானி எங்கிருந்து வருவான்? ஜனவரி 30 அன்று சிக்கிய படையின் தளபதி பவுலஸுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கொடுத்தார் ஹிட்லர். எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் உயிரோடு சரணடைந்ததில்லை, துப்பாக்கியைத் தலைக்கு வைத்துக்கொள் என்பது குறிப்பு. மறுநாள் அவர் சரணடைந்தார். பிப்ரவரி 2 அன்று மிச்சப் படையும் அடங்கியது. கைதியானவர்கள் சுமார் 91,000 பேர், ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரத்தைத் தாண்டவில்லை. ஜெர்மன் வானொலி தோல்வியை ஒப்புக்கொண்டு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. ஹிட்லர் தோற்க முடியும் என்பது அன்றுதான் அவருடைய சொந்த மக்களின் காதிலேயே விழுந்தது.

ஆனாலும் கவனியுங்கள், அடுத்த மாதமே ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் கார்கிவ் நகரைத் திரும்பப் பிடித்தார். கிழக்கில் இன்னொரு பெரிய தாக்குதலுக்கு ஜெர்மனியிடம் வலு மிச்சம் இருந்தது. அந்த வலுவும் ஜூலையில் குர்ஸ்கில் போனது. அதன் பிறகு கிழக்கில் ஜெர்மனி செய்ததெல்லாம் பின்வாங்கலும் அவ்வப்போது திருப்பி அடிப்பதும்தான்.

எகிப்தில் பிரிட்டிஷ் படை ஜெர்மன், இத்தாலியப் படைகளைத் தோற்கடித்த எல் அலமைனுக்குப் பாடத்தில் இவ்வளவு இடம் ஏன் என்றால், நம் பாடப்புத்தகங்களின் பாட்டன் பிரிட்டிஷ் புத்தகங்கள். சூயஸ் கால்வாய் தப்பியது, நம் நான்காவது இந்திய டிவிஷனும் அங்கே நின்றது, மறுக்கவில்லை. ஸ்டாலின்கிராடோடு அதை ஒரே தட்டில் வைக்காதீர்கள். எண்ணிக்கை தேவையென்றால் 1943 மே மாதம் துனீசியாவில் சரணடைந்த இரண்டரை லட்சம் பேரைச் சொல்லுங்கள்.

அதே மே மாதத்தில் நடந்த இன்னொன்று பெரும்பாலான புத்தகங்களில் இல்லை, ஏனென்றால் படம் போட ஒரு போர்க்களம் கிடையாது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், புது ரேடார், உடைபட்ட ஜெர்மன் எனிக்மா சங்கேதம் எல்லாம் ஒன்றுகூடி வந்ததும் அந்த ஒரு மாதத்தில் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. தளபதி டோனிட்ஸ் மே 24 அன்று மிச்சத்தை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். அது நடக்காமல் நார்மண்டிக்கு அத்தனை ஆளையும் டாங்கியையும் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது.

நார்மண்டியைச் சொல்லும் யூடியூப்காரர்கள் அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்ததைச் சொல்வதில்லை. 1944 ஜூன் 6 அன்று கரையிறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஜூன் 22 அன்று பெலாரஸில் சோவியத் யூனியன் தொடங்கிய "பக்ரதியோன்" தாக்குதலில், சில வாரத்தில், ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியே காணாமல் போனது. பிடிபட்ட ஜெர்மானியர்களில் சுமார் 57,000 பேரை ஜூலை 17 அன்று மாஸ்கோ தெருக்களில் நடத்திக் கூட்டிப்போனார்கள். பின்னாலேயே தண்ணீர் வண்டிகள் தெருவைக் கழுவிக்கொண்டு வந்தன.

நம் பக்கத்துக் களத்தை விட்டுவிடாதீர்கள். 1944 மார்ச்சில் முத்தகுச்சி என்ற ஜப்பானியத் தளபதி இம்பாலை நோக்கிப் படையெடுத்தார். மூன்று வாரச் சாப்பாடு கையில், கூடவே இறைச்சிக்காக மாட்டு மந்தை. சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போதே மாடுகளில் பல அடித்துப்போயின. கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம்தான் இரண்டு படைக்கும் நடுவே எல்லைக்கோடு, அந்த அகலத்துக்கு அங்கேயும் இங்கேயும் நின்று கையெறிகுண்டு வீசிக்கொண்டார்கள். இந்திய, பிரிட்டிஷ் படைகளுக்கு விமானத்தில் சாப்பாடு வந்தது, ஜப்பானியருக்கு வரவில்லை. சாட்டோ என்ற டிவிஷன் தளபதி உத்தரவை மீறித் தன் படையைத் திருப்பிக் கூட்டிப்போனார். வந்த படையில் மாண்டவர்களில் பெரும்பாலானோர் பசிக்கும் நோய்க்கும் பலியானவர்கள்.

இதில் இரண்டு பக்கமும் தமிழர்கள் இருந்தார்கள். இந்த இடத்தில் நிதானமாகப் பேசுங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மெட்ராஸ் சாப்பர்கள் சாலையும் பாலமும் போட்டார்கள். எதிர்ப்பக்கம் ஜப்பானியரோடு வந்த இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதே தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் இழுத்துப்போன தமிழர்கள், பர்மாவுக்குத் தளவாடம் கொண்டுபோவதற்காகப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். கடல் வழியில் நீர்மூழ்கி பயம் இருந்ததால்தான் 415 கிலோமீட்டருக்கு அந்தப் பாதையே தேவைப்பட்டது. வகுப்பில் யாருடைய கொள்ளுத்தாத்தாவாவது இதில் ஏதாவது ஒன்றில் இருந்திருக்கலாம். எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், யார் எதற்காக எங்கே நின்றார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சீனாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. 1937 முதல் ஜப்பானின் தரைப்படையில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டிருந்தது அந்த நாடு. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினால்தான் பதில் எழுத முடியும்.

இரண்டு பீரியடுக்கு என் யோசனை இது. முதல் பீரியடில் பியர்ல் ஹார்பரை மட்டும் சொல்லி, யார் ஜெயித்தார்கள் என்று கை தூக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஜப்பான் என்பார்கள். அதற்குப் பிறகு ஆறு கப்பல் திரும்பி வந்ததையும் எண்ணெய்த் தொட்டியையும் சொல்லிவிட்டு, மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். அடுத்த பீரியடில் மிட்வே ஒரு குழு, ஸ்டாலின்கிராட் ஒரு குழு, அட்லாண்டிக் ஒரு குழு. அடிபட்டவன் என்ன இழந்தான், எதை ஈடுகட்ட முடியவில்லை, இந்த இரண்டை மட்டும் அவர்கள் எழுந்து சொல்லட்டும். உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிடுங்கள். மாஸ்கோவும் மிட்வேயும் எவ்வளவு தூரம் என்று பார்த்தாலே ஒரு போருக்கு ஏன் ஒரே திருப்புமுனை போதாது என்பது பாதி புரிந்துவிடும்.

தேர்வுக்கு மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்துபவரிடம் போய் டிசம்பர் 1941 பற்றி வாதாட முடியாது. தேதி விஷயத்தில் ஒரு குழப்பம் வரும், தயாராக இருங்கள். பியர்ல் ஹார்பர் சில புத்தகங்களில் டிசம்பர் 7 என்றும் ஜப்பானியக் கணக்கில் 8 என்றும் இருக்கும். ஹவாய் நேரத்துக்கு 7, டோக்கியோ நேரத்துக்கு 8, இரண்டும் சரியே. மலேயாவில் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது டிசம்பர் 8 என்று படித்துவிட்டு, அது பியர்ல் ஹார்பருக்கு மறுநாள் நடந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் அதுதான் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது, அந்தக் கடற்கரையில் முதல் அடியை வாங்கியவர்கள் டோக்ரா ரெஜிமென்ட்டைச் சேர்ந்த இந்திய வீரர்கள்.